ஆற்றைப் பார்த்துச் சவரம்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே என் இரண்டு கன்னங்களைத் தவிர அனைவரும் நலம். அங்கே தாங்களும் சம்பந்தியம்மாவும் முழு நலத்தோடு இருப்பீர்கள் என்று நம்பி இதை எழுதுகிறேன்.

தங்கள் மகனைப் பற்றித் தங்களிடமே புகார் சொல்லும் அளவுக்கு நான் மரியாதை கெட்டவன் அல்ல. ஆகவே இதை ஒரு தகவலாக எடுத்துக்கொள்ளவும். மாப்பிள்ளை தங்கம். ஆனால் வாயைத் திறந்துவிட்டால் அந்தத் தங்கம் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது.

எங்கள் ஊருக்கு வருகிறவர்களுக்குப் பொழுதுபோக என்ன குறை? ஆற்றில் படகுச் சவாரி, அருங்காட்சியகம், சாயங்காலம் படித்துறையில் பாட்டு, எல்லாம் இருக்கிறது. அதையெல்லாம் மற்ற வழிகாட்டிகள் பிடித்துக்கொண்டதால் மாப்பிள்ளைக்கு மிஞ்சியது எங்கள் தெருவும் அதன் முனையில் இருக்கும் பழைய மணிக்கூண்டும்தான். காலையில் ஒரு கூட்டம், மாலையில் ஒரு கூட்டம், கையில் சின்னக் கொடி, கழுத்தில் வழிகாட்டி அட்டை என்று நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. போன மாதம் மராமத்து என்று சொல்லி மணிக்கூண்டை அடிமுதல் உச்சிவரை தார்ப்பாயால் போர்த்திவிட்டார்கள். தார்ப்பாயை மனுஷன் எத்தனை நேரம் பார்ப்பான்? "இதுக்கா இவ்வளவு தூரம் நடக்க வெச்சீங்க?" என்று ஒரு அம்மாள் கேட்க, மாப்பிள்ளை நாலு பக்கமும் பார்த்திருக்கிறார். அந்த நேரம் பார்த்து, என் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே, ஆற்றுப் பக்கம் பார்த்த எங்கள் வீட்டு மாடி ஜன்னலில், வெளிச்சத்துக்காக முகமெல்லாம் நுரையோடு நான் நின்றுகொண்டிருந்தேன்.

"அதோ பாருங்க, அவர்தான் இந்தத் துறையோட கடைசிப் படகுத் தலைவருக்குக் கொள்ளுப்பேரன். அவங்க வம்சத்துல ஆத்தைப் பார்த்துதான் சவரம் பண்ணுவாங்க. நானூறு வருஷமா இப்படித்தான்" என்று சொல்லிவிட்டார். என் கொள்ளுத்தாத்தா குடத்துத் தண்ணீரைக் கண்டாலே பத்தடி தள்ளி நிற்பவர். கூட்டம் கை தட்டியது. எதற்கென்று தெரியாமல் நானும் பிரஷ்ஷை ஆட்டிவைத்தேன். வந்தது வினை.

அன்றிலிருந்து காலையில் ஒரு சவரம், மாலையில் ஒரு சவரம். காலையில் மழித்த முகத்தில் சாயங்காலத்துக்குள் என்ன முளைக்கும், நீங்களே சொல்லுங்கள். வெறும் நுரையைப் பூசிக்கொண்டு பிளேடு இல்லாத ரேசரால் ஒருநாள் ஒப்பேற்றிப் பார்த்தேன். முன்வரிசையில் ஒருவர் தொலைநோக்கி வைத்திருந்தார். "பிளேடே இல்லையே" என்றார். இப்போது பிளேடும் உண்டு, எரிச்சலும் உண்டு. கடை திறக்க நேரமாகிறது என்று பாதி வாடிக்கை எதிர்க் கடைக்குப் போய்விட்டது. வீட்டிலாவது ஆதரவு உண்டா என்றால், "இத்தனை வருஷமா இந்தக் காட்சியை நான் ஓசியிலயா பார்த்துட்டிருந்தேன்? சரி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, புதுத் திரைச்சீலை தெரியட்டும்" என்கிறாள் என் மனைவி. என் மகளோ, "பொறுத்துக்கோங்கப்பா. மணிக்கூண்டைத் திறந்துட்டா அப்புறம் உங்களை யாரு பார்க்கப் போறா?" என்று ஆறுதல் சொல்கிறாள்.

இதையெல்லாம் தாங்கிக்கொள்வேன். வருகிற வெள்ளிக்கிழமை சுற்றுலா அலுவலகத்து அதிகாரி வருகிறாராம். மாப்பிள்ளையின் வழிகாட்டி அட்டையைப் புதுப்பிப்பதா பிடுங்குவதா என்று அவர்தான் முடிவு செய்வார். அதற்கு முன் "அந்த வம்சத்துக்காரரோட கொஞ்சம் பேசணும்" என்று சொல்லியனுப்பியிருக்கிறார். உண்மையைச் சொன்னால் அட்டை போச்சு, என் மகள் ஜென்மத்துக்கும் என் முகத்தில் விழிக்க மாட்டாள். பொய் சொல்லலாம் என்றால், "இந்த ஃபிரேம் உங்களுக்கு எடுப்பா இருக்கு" என்று சொல்வதற்கே எனக்கு வேர்த்துக் கொட்டும். மாப்பிள்ளையிடம் புலம்பினேன். "மாமா, நீங்க பேசவே வேணாம். சவரம் பண்றப்போ பேசறது மரபு இல்லைன்னு சொல்லிடறேன்" என்றார். அந்த அதிகாரி கிளம்பும்வரை மழித்துக்கொண்டே இருந்தால் கடைசியில் மூக்கு மட்டும்தான் மிஞ்சும், சம்பந்தி.

ஆகவே தங்கள் காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டுக்கொள்கிறேன். உடம்பு சரியில்லை என்றோ வேறு என்னவோ சொல்லி, வியாழனுக்குள் மாப்பிள்ளையை அங்கே வரவழைத்துத் தங்கள் அச்சகத்திலேயே உட்கார்த்திவையுங்கள். வழிகாட்டி ஊரில் இல்லை என்றால் அதிகாரியும் வருகையைத் தள்ளிப்போட்டுவிடுவார். அச்சகத்தில், எழுதிக் கொடுத்ததை மட்டும்தானே அடிப்பீர்கள்? மாப்பிள்ளைக்கு அந்தப் பழக்கம் ரொம்ப நல்லது.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம். சின்னவர்கள் தாடைக்கு ஒரு குறையும் வராமல் நீடூழி வாழட்டும்.

இப்படிக்கு,
நுரையும் நடுக்கமுமாக,
தங்கள் சம்பந்தி

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது அதிகாரி வந்து நின்றுவிட்டார். வெள்ளிவரை பொறுக்கவில்லை. மாடிக்கே ஏறி வந்து, "உங்க வம்சத்துல எல்லாருமே மழிச்சுதான் இருப்பாங்களா?" என்றார். மரபுப்படி நான் பேசாமல் இருந்திருக்கலாம். பயத்தில் வாய் திறந்துகொண்டது. ஒரு படகுக்காக அண்ணன் தம்பி இருவர் சண்டை போட்டுப் பிரிந்ததாகவும், அண்ணன் வழி மழிப்பதென்றும், தம்பி வழி மீசையைத் தொடுவதே இல்லையென்றும், இரண்டு கிளையும் இன்றுவரை முகம் பார்த்ததில்லையென்றும் என் வாயிலிருந்து வந்ததை நானே வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேன். "மாமா, இது கொஞ்சம் ஓவர்" என்று மாப்பிள்ளை காதோடு சொன்னார். அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். அங்கேயே அட்டையைப் புதுப்பித்துக் கொடுத்து, வருகிற ஞாயிறு இரண்டு கிளையும் ஒன்றுசேர்வதை ஊர் பார்க்க ஏற்பாடு செய்யும்படி சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். எனவே மாப்பிள்ளையைக் கூப்பிட வேண்டாம். தாங்கள் சனிக்கிழமையே கிளம்பி வந்துவிடுங்கள். நம் இரு குடும்பத்திலும் மீசை என்று சொல்லும்படி இருப்பது தங்களுடையது ஒன்றுதான். வரும்வரை அதன் பக்கத்தில் கத்தரியை அண்ட விடாதீர்கள்.