எத்தனை மடிப்பு வெயில்?

இல்லவே இல்லை. பரிபூரணம் புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு போகவில்லை. அவர் கை ஓங்கவும் இல்லை, அவள் அழவும் இல்லை, நகைப்பெட்டியை அவள் தொடவே இல்லை. அவள் இடுப்பில் இருந்தது கற்றாழைத் தொட்டி. இதை மூன்று தெருவிலும் சொல்லிவிட்டேன், ரேஷன் கடை வரிசையிலும் சொல்லிவிட்டேன். "ஒரு கத்தாழைக்காகவா ஒருத்தி வீட்டை விட்டுப் போவா?" என்று எதிர்வீட்டுச் சுடலையம்மாள் இன்னமும் உதட்டைப் பிதுக்குகிறாள். போவாள். அந்த இனத்தைப் பற்றித் தெரியாதவர்கள்தான் அப்படிக் கேட்பார்கள். உட்காருங்கள், சொல்கிறேன்.

மனிதர்களில் வெயில் ஊட்டுகிறவர்கள் என்று ஓர் இனம் உண்டு. நீங்களும் நானும் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவோம், ரெண்டு நாள் மறப்போம், மூன்றாம் நாள் அதுவாகவே பிழைத்துக்கொள்ளும். இவர்கள் அப்படி இல்லை. கைக்குழந்தைக்குச் சங்கில் மருந்து புகட்டுவது போல, காலையில் இவ்வளவு, சாயங்காலம் இவ்வளவு என்று வெயிலை அளந்து செடிக்குப் புகட்டுவார்கள். கூடினால் காந்திவிடும் என்பார்கள், குறைந்தால் சோகை பிடித்துவிடும் என்பார்கள். சூரியனே ஏதோ இவர்கள் வீட்டு ஸ்டவ் மாதிரியும், திரியை ஏற்றி இறக்குவது இவர்கள் பொறுப்பு மாதிரியும் பேசுவார்கள். மொட்டை மாடியில் ஏறி படம் தெளிவாக விழ டீவி ஆண்டெனாவைக் கொடைக்கானல் டவர் பக்கம் திருப்பித் திருப்பி வைக்கிறார்களே, அவர்கள் இவர்களுக்குச் சித்தப்பா முறை. இவர்களை அடையாளம் காண்பது எப்படி? சுலபம். "சௌக்கியமா?" என்று கேளுங்கள். உங்கள் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். உங்கள் நிழல் எங்கே விழுகிறது என்று பார்ப்பார்கள்.

"செத்த தள்ளி நில்லுங்க."

பரிபூரணம் பிறக்கும்போதே இப்படி இல்லை. வீட்டில் இருந்தபடியே கம்பெனிக்குப் பேண்டேஜ் சுருட்டிக் கொடுக்கிறவள், அவள் உண்டு அவள் துணி உண்டு என்று இருந்தவள். கான்சாபுரத்து ராக்கப்பன் ஒருநாள் வந்தார். மில் மேனேஜர் பங்களாவில் தோட்ட வேலை பார்க்கிறவர். இலைக்கு இலை மஞ்சள் கரை போட்ட கற்றாழைக் கன்று ஒன்றை, நிழலில் வளர்ந்த சின்னக் கன்று, அவளிடம் கொடுத்துவிட்டு ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

"ஒரு ஆறு மணி நேரம் வெயில் வேணும்மா. ஆனா ஒரேயடியா உச்சி வெயில்ல தூக்கி வச்சிராதீக, சுட்டுரும். கொஞ்சங் கொஞ்சமாப் பழக்கணும்."

டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார் மனிதர். 'கொஞ்சங் கொஞ்சமா' என்றால் எம்புட்டு? அதைச் சொல்லவில்லையே! அன்று ராத்திரி பரிபூரணத்துக்குத் தூக்கம் இல்லை. விடிந்ததும் விடை கிடைத்துவிட்டது. வேறு ஊர்க்காரிக்கு இது தோன்றியிருக்குமா? பேண்டேஜ் துணி நெய்கிற ஊரில் பிறந்தவளுக்குத்தான் தோன்றும். முதல் வாரம் செடிக்கு மேல் நாலு மடிப்புப் பேண்டேஜ் துணி. ரெண்டாம் வாரம் மூணு மடிப்பு. அப்புறம் ரெண்டு, அப்புறம் ஒன்று. ஐந்தாம் வாரம் துணியை முழுதாக எடுத்த அன்றைக்குத் தெருவுக்கே பாயசம் கொடுத்தாள். நானும் குடித்தேன். முந்திரி போட்டிருந்தாள்.

ஸ்பின்னிங் மில்லில் ஷிப்டு பார்க்கிற அவள் புருஷன் தவசிமுத்துவுக்கு மட்டும் அந்தப் பாயசம் இறங்கவில்லை.

"ஏட்டி, ரயில் ரோட்டோரம் செங்கோட்டை வரைக்கும் கத்தாழை நிக்கி. அதுக்கெல்லாம் எவ முக்காடு போட்டு விட்டா?"

"அது காட்டுல பிறந்ததுங்க. இது பங்களாவுல பிறந்தது."

அந்த ஐந்து வாரத்துக்கு நடுவில் ஒருநாள், துணி சுற்றி வாசலில் வைத்திருந்த தொட்டியைப் பார்த்துவிட்டு, சோழபுரத்திலிருந்து யாரையோ தேடி வந்த பெரியவர் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு, "பிள்ளைக்கு அம்மை போட்டிருக்காம்மா?" என்று பயபக்தியோடு கேட்டார். "இல்ல அண்ணாச்சி, வெயில் பழகுது" என்றாள் பரிபூரணம். அந்த மனிதர் தண்ணீர்கூடக் கேட்காமல் போய்விட்டார்.

இப்படிச் சந்தோஷமாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான், பக்கத்து வீட்டு மளிகைக்கடை ஜெய்னுலாப்தீன் பாய், மகள் ஆரிபா கல்யாணத்துக்காக மாடி எடுத்தார். கிழக்குப் பக்கம். போயிற்று. ஆறு மணி நேர வெயில் ரெண்டே கால் மணி நேரமாகிவிட்டது. கற்றாழையின் இலையெல்லாம் வெளிறி நீண்டு, பந்தியில் இடம் கிடைக்காதவன் கழுத்தை நீட்டி எட்டிப் பார்ப்பது போல ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பரிபூரணம் நேரே பாயிடம் போனாள்.

"பாய், மாடிச் சுவத்துல ரெண்டு வரி கல்லைக் குறைச்சா ஆகாதா?"

"ஏம்மா, எம்மக கல்யாணத்துக்குக் கட்டுறேன். உன் கத்தாழைக்குக் கல்யாணம்னா சொல்லு, மொத்தமா இடிச்சிருதேன்!"

அவர் பெண்சாதி ஆயிஷா பீவிதான் சிரித்துக்கொண்டே மொட்டை மாடிச் சாவியைக் கொண்டுவந்து கொடுத்தாள். "மைனி, வெயில் கேட்டா அம்புட்டும் மேலதான் கிடக்கு, எடுத்துக்கோங்க." அன்றிலிருந்து பரிபூரணம் தொட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏழு மணிக்கு ஏறுவாள், எட்டரைக்கு ஏறிப்போய்த் தொட்டியைக் கால் சுற்று திருப்புவாள், பத்துக்குத் திரும்பவும் திருப்புவாள், பதினொன்றரைக்கு உச்சி வெயில் இறங்குமுன் கீழே கொண்டுவந்துவிடுவாள், நாலு மணிக்குத் திரும்ப ஏற்றி ஒன்றரை மணி நேரம் வைப்பாள், பேண்டேஜ் சுருட்டுவது பாதியில் கிடக்கும், உலை பொங்கி அடுப்பு அணையும், ஆனால் பதினொன்றரை பதினொன்றரைதான். முள் குத்தாத விரல் அவளுக்கு இல்லை. சுற்றிக்கொள்ளத் துணிக்கா பஞ்சம்?

செடி நிமிர்ந்தது. நடுக் குருத்தில் நாலு புது இலை.

எண்பத்தொன்பதாம் வருஷம் சித்திரையில் ஸ்ரீவில்லிபுத்தூரில் அவள் தம்பி ஐயாதுரை வீட்டில் காதுகுத்து. ரெண்டு நாள் போயே ஆக வேண்டும். புருஷனை உட்காரவைத்துப் பதினொன்றரைக் கணக்கைப் பத்துத் தடவை சொன்னாள், பதினோராவது தடவை அவர் வாயாலேயே சொல்லவைத்தாள். அதற்குப் பிறகும் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்த் திரும்பிவந்து இன்னொரு தடவை சொல்லிவிட்டுத்தான் போனாள்.

சுடலையம்மாள் சொல்கிற மாதிரி அவர் வேண்டுமென்று செய்யவில்லை. நான் இதில் ஒரு அடி பின்வாங்க மாட்டேன். நாலு மாசம் கேலி செய்த மனுஷனுக்கு, அவள் இல்லாத வீட்டில், அந்தச் செடியைப் பார்த்ததும் பாசம் வந்துவிட்டது. பாசம் வந்தால் மூளை வேலை செய்யுமா? ஆறு மணி நேரம் நல்லதென்றால் பன்னிரண்டு மணி நேரம் ரொம்ப நல்லதுதானே என்று கணக்குப் போட்டார். புதுச் சுண்ணாம்பு அடித்த மொட்டை மாடியில், சித்திரை மாத வெயிலில், ரெண்டு நாளும் விடிந்ததிலிருந்து பொழுது அடைகிற வரைக்கும் வைத்தார். பக்கத்தில் நின்று விசிறிவிட்டாராம்! ஆயிஷா பீவி பார்த்திருக்கிறாள்.

பரிபூரணம் வந்து மேலே ஏறினாள். மஞ்சள் கரையெல்லாம் வெளுத்துப்போய், தோசைக்கல்லில் தீய்ந்த மாதிரித் திட்டுத் திட்டாக இருந்தது. காய்ச்சல்காரன் நெற்றியைத் தொடுவது போல ஒவ்வொரு இலையாகத் தொட்டுப் பார்த்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த மூன்று நாளும் புருஷனோடு பேசவில்லை. இதைத்தான் தெரு சண்டை என்கிறது! காய்ச்சல்காரன் பக்கத்தில் யாராவது சத்தம் போடுவார்களா?

ராக்கப்பனை வரவழைத்தாள். அவர் குருத்தை விலக்கிப் பார்த்தார்.

"வெந்த இலை வெந்ததுதான், பச்சையாகாது. குருத்து உயிரோட இருக்கு. ஆனா இன்னொரு நாள் இந்த மாதிரிச் சுட்டா அதுவும் போயிரும். காலையில வெயில் விழணும், மத்தியானம் தானா நிழல் வரணும். அப்படி இடம் இருக்கா?"

இருந்தது. இந்தத் தெருவில் இல்லை. ஐயாதுரை வீட்டு முற்றம் கிழக்குப் பார்த்தது. மேற்கே பெரிய வேம்பு.

மறுநாள் காலை எட்டு மணிக்குப் பரிபூரணம் வாசலைத் தாண்டினாள். இடுப்பில் தொட்டி, அதன் மேல் மூணு மடிப்பு. தெருவே நின்றது.

"ஏட்டி, தாலி கட்டுனவனை விட்டுட்டுக் கத்தாழையோடயா போறே?" என்றாள் சுடலையம்மாள்.

"அவிய வெயில்லயும் இருப்பாக, நிழல்லயும் இருப்பாக மைனி. இதால முடியாது. புதுக் குருத்து ஒண்ணு விரியட்டும், வந்துருதேன்."

மூன்று நாளாக வாயைத் திறக்காத தவசிமுத்து உள்ளேயிருந்து ஓடிவந்தார். தடுக்கப்போகிறார் என்று நாங்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

"ஏட்டி, நில்லு! பஸ்ஸுல வலது பக்கம் உட்காந்துராதே, கிழக்கு வெயில் நேரே அடிக்கும். இடது பக்கம் உட்காரு. ஜன்னலோரம் வேண்டாம். டிரைவருக்குப் பின்னால வேண்டவே வேண்டாம், இஞ்சின் சூடு!"

பரிபூரணம் திரும்பி, மூன்று நாளில் முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். போய்விட்டாள். அவ்வளவுதான் நடந்தது. இதில் எங்கே இருக்கிறது சண்டை?

அது கிடக்கட்டும். ஸ்ரீவில்லிபுத்தூர் இங்கிருந்து வடக்கே. காலை எட்டு மணி. அப்படியென்றால் வெயில் வலது பக்கம்தானா, அந்த மனுஷன் சொன்னது சரிதானா என்று, இப்போது உங்கள் மனசுக்குள் ஒரு பஸ்ஸைக் கொண்டுவந்து நிறுத்தித் திருப்பிப் பார்த்தீர்களே, நீங்கள்! உங்கள் வீட்டில் எந்த ஜன்னலில் எத்தனை மணிக்கு வெயில் விழும் என்று நான் கேட்கப் போவதில்லை. கேட்டால் நிமிஷக் கணக்காகச் சொல்லிவிடுவீர்கள் என்று பயமாக இருக்கிறது.