நாற்பத்தாறாம் எண்ணுக்கு நான் ஊட்டியது

அன்பும் மரியாதையும் மிக்க ஷிகேனோ அக்காவுக்கு, தம்பி தொமேஸோ தலைவணங்கி எழுதுவது. மழைக்காலம் தொடங்கிவிட்டது, உன் முழங்கால் வலியும் தொடங்கியிருக்கும். நான் நலம். என்னால் ஒரு கிருமிதான் சாகப் பார்த்தது.

சாகே என்ற அரிசி மது வடிக்கும் சாலையை விட்டு இந்த ஆய்வுக்கூடத்துக்கு வந்ததிலிருந்து குடுவைகளுக்குத் தீனி கலப்பது என் வேலை. இங்கே ஆராய்ச்சி செய்யும் ஹிரோசே அம்மா கிருமிகளைப் புற ஊதா விளக்கில் காட்டி, ஆயிரக்கணக்கில் சலித்து, ஒன்றைப் பிடித்தார். அதுதான் நாற்பத்தாறாம் எண். மரபணு ஒன்று பழுதானதால் ஹோமோசெரின் என்ற அமினோ அமிலத்தை அதற்குச் செய்யத் தெரியாது, நாம்தான் சொட்டுச் சொட்டாகக் கொடுக்க வேண்டும். ஆனால் அந்த வழி அடைபட்டதால் சரக்கெல்லாம் லைசின் என்ற, உணவுக்குச் சத்து சேர்க்கும் இன்னொரு அமினோ அமிலமாகி வெளியே கொட்டுகிறது. சோதனைக் காகிதத்தில் அதன் ஊதாப் புள்ளியைப் பார்த்தபோது கைகூப்பிவிட்டேன். ஒரு குறையோடு பிறந்து ஊருக்கே படியளக்கிறதே!

அந்த மதிப்பில்தான் புத்தி கெட்டது. வடிசாலையில் சோர்ந்த ஊறலுக்குச் சோறு போட்டுத் தேற்றிய கை சும்மா இருக்குமா? தினமும் ரகசியமாக நாலு சொட்டு ஹோமோசெரின் கூடுதலாக விட்டேன், கிருமி கொழுகொழுவென்று வளர்ந்தது, ஊதாப் புள்ளி தேய்ந்து காணாமலே போனது, பிரிவுத் தலைவர் அராதாகே வந்து, "ரெண்டு வருஷ உழைப்பு வீணாப்போச்சும்மா, வெள்ளிக்கிழமை எல்லாத்தையும் நீராவியில வெச்சுக் கொன்னுடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார், நான் ஹிரோசே அம்மா முன் மண்டியிட்டு, தரையில் நெற்றியை வைத்து, செய்ததை ஒப்புக்கொண்டேன்.

"எத்தனை சொட்டுண்ணே விட்டீங்க?"

"நாலும்மா. பசிக்குமேன்னு..."

"வயிறு நிறைஞ்சா அது லைசின் செய்யறத நிறுத்திக்குதுண்ணே! வழக்கமா விடற அளவையே பாதியாக் குறைங்க. இல்ல, அதுலயும் பாதி!"

வியாழக்கிழமை காகிதத்தில் இதுவரை காணாத அளவுக்குப் பெரிய ஊதாப் புள்ளி. அராதாகே தொப்பியைக் கழற்றினார். என் தப்பைத் திட்டாமல் அதற்குள் இருந்த விடையை எடுத்துக்கொண்ட பெண்ணை என்ன சொல்லிப் புகழ்வது? சொட்டுக்குழாயையும் என்னிடமே கொடுத்திருக்கிறார். இனி அளவுக்கு மேல் ஒரு துளி விடமாட்டேன். நீயும் மாதாமாதம் எனக்கு மோச்சி அரிசிக் கொழுக்கட்டை அனுப்புவதை நிறுத்திவிடு. எனக்கு நாற்பத்தைந்து வயதாகிறது.

அத்தானுக்கு என் வணக்கம். மழை விடுவதற்குள் உன் முழங்கால் வலி விடட்டும்.

தொமேஸோ
ஷோவா முப்பத்து மூன்றாம் ஆண்டு (1958), ஜூன்

பி.கு.: உறையை ஒட்டப் போகையில் உன் மோச்சிப் பெட்டி வந்தது. பாதி தீர்ந்துவிட்டது. மேலே எழுதியதை மறந்துவிட்டு அடுத்த மாதமும் அனுப்பு. தின்ற கையோடு குடுவைகளைப் பார்க்கப் போனேன். நாற்பத்தாறு ரொம்ப இளைத்திருந்தது. ஒரே ஒரு சொட்டுதான் அக்கா. உன் கையில் வளர்ந்தவன் வேறென்ன செய்வேன்?