முந்நூற்றுப் பன்னிரண்டு நூலகர்களும் ஓர் அரைச் சவரமும்

மனித குலத்தில் ஒரு தனிப் பிரிவு உண்டு. கேட்ட கேள்விக்குப் பதில் அவர்கள் கையிலேயே இருக்கும். கேட்ட முறை சரியில்லை என்பதால் கொடுக்க மாட்டார்கள். எல்லா ஆபீசிலும் விளைகிற இனம்தான். ஆனாலும் நன்றாக முற்றிய ரகம் வேண்டுமென்றால், அரசாங்க ஆவணங்களைக் காக்கும் நூலகர்களின் இணையக் குழுவுக்குத்தான் நீங்கள் வர வேண்டும்.

நானும் அதில் இருக்கிறேன். மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். எந்த அரசிதழ் எந்த ஊர் அலமாரியில் தூங்குகிறது என்று ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்ளத் தொடங்கிய குழு. அங்கே கொடிகட்டிப் பறப்பவரை நாங்கள் 'விதி எட்டு' என்போம். மடலின் தலைப்பு, கேட்கும் பொருளைத் துல்லியமாகச் சுட்ட வேண்டும் என்பது குழுவின் எட்டாவது விதி. எழுதியவர் அவரே. முதல் ஏழு விதிகள் என்ன என்று கேட்காதீர்கள், யாருக்கும் தெரியாது.

போன வெள்ளிக்கிழமை முற்பகல், கிளை நூலகம் ஒன்றின் பெண் நூலகர் குழுவில் உதவி கேட்டார். அவர் மேசைக்கு முன்னால் ஒரு சலூன்காரர் நின்றுகொண்டிருந்தார். கடையின் பத்திரத்தில் தெருவின் பழைய பெயர். தண்ணீர் ஆபீஸ் கணினியிலோ புதுப் பெயர். இப்படியொரு தெருவே இல்லை என்று காலையில் கடையின் தண்ணீர் இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள்.

"தெருவே இல்லைன்னா, நான் இத்தனை வருஷமா எங்க நின்னு முடி வெட்டினேன் மேடம்?"

பெயர் மாற்றிய அறிவிப்பு பழைய அரசிதழ் ஒன்றில் நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் இருந்தது. நூலகத்துப் பிரதியில் அந்தப் பக்கத்தை மட்டும் கரையான் ருசி பார்த்திருந்தது. நாலு மணிக்குத் தண்ணீர் ஆபீஸ் மூடிவிடும். சலூன்காரருக்குப் பக்கத்தில், பாதி முகம் மழித்ததும் தண்ணீர் நின்றுபோக, மறுபாதியில் நுரை காய்ந்துபோன ஒரு மாப்பிள்ளை. ஆறு மணிக்கு அவருக்குக் கல்யாணம்.

"வேற கடைக்குப் போகலாமே?" என்றார் நூலகர்.

"அடுத்தவன் கை பட்டா ரெண்டு பக்கமும் ஒத்து வராதுங்க" என்று சலூன்காரர் முந்திக்கொண்டார்.

நூலகர் 'அவசரம்' என்று தலைப்பிட்டு மடல் போட்டார். இரண்டே நிமிடத்தில் விதி எட்டு எழுந்தருளினார். 'அவசரம் என்பது உணர்ச்சி, தலைப்பு அல்ல.' பாவம், மாற்றினார்: 'அரசிதழ் இணைப்பு, பக்கம் 43.' அது இணைப்பு அல்ல, பிற்சேர்க்கை என்றார் விதி எட்டு. பிடித்தது போர். இணைப்புக் கட்சி, பிற்சேர்க்கைக் கட்சி, இரண்டும் ஒன்றே என்று சொல்லி இரு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொண்ட சமரசக் கட்சி. இதற்கு நடுவே ஒருவர் தன் மேலதிகாரிக்கு எழுதிய விடுப்புக் கடிதத்தைத் தவறிக் குழுவுக்கு அனுப்ப, பதினான்கு பேர் விடுப்பு வழங்கினார்கள், இரண்டு பேர் மருத்துவச் சான்று கேட்டார்கள். மூன்று மணிக்கு நூற்று நாற்பது மடல்கள். நாற்பத்து மூன்றாம் பக்கம்? ம்ஹூம்.

நூலகர் என்னிடம் விதி எட்டின் எண்ணை வாங்கி நேரே அழைத்தார். அப்புறம் நடந்ததை அவரே எனக்குச் சொன்னார்.

"சார், அந்தப் பக்கம் உங்ககிட்ட இருக்கா?"

"இருக்காவா? கையிலயே வெச்சிருக்கேம்மா! காலைலேருந்து இதைப் பார்த்துத்தானே பிற்சேர்க்கைன்னு அடிச்சுச் சொல்றேன்?"

"ஐயோ, அப்ப ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க சார்!"

"அனுப்பலாம். முதல்ல தலைப்பு சரியா வரட்டும்."

மாப்பிள்ளை போனைப் பிடுங்கினார். "ஐயா, அரை மீசையோட நிக்கிறேன். என் கல்யாணம்யா!"

"குழுவுல உறுப்பினர் இல்லாதவங்ககிட்ட நான் பேசறதில்லை" என்றார் விதி எட்டு. அதற்குள் அங்கே ஒரு பெண்குரல். "குடுங்க இப்படி. என்னம்மா வேணும்?" அவர் மனைவி.

"நாற்பத்து மூணாம் பக்கம் மேடம்."

"அவ்வளவுதானே?"

அரை நிமிடத்தில் படம் வந்தது. பக்கம் தெளிவாக இருந்தது. ஓரத்தில் நறுக்கிய தக்காளி, கத்தி, கூடவே ஒரு சிவப்பு முத்திரை: 'நூலகத்தை விட்டு வெளியே எடுத்துச் செல்லக் கூடாது.'

சலூன்காரர் அச்சுப்பிரதியோடு ஓடினார். தண்ணீர் ஆபீஸ் குமாஸ்தா இரண்டு முறை படித்துவிட்டு, "அப்ப தெரு இருக்கு" என்று ஒப்புக்கொண்டார். மாப்பிள்ளை மண்டபத்துக்குத் தாமதமாகத்தான் போனார். ஆனால் முழு முகத்தோடு போனார்.

நூலகர் நன்றி சொல்லிப் படத்தைக் குழுவில் போட்டார். விதி எட்டு திங்கட்கிழமை எழுதினார்: 'வெள்ளியன்று வெளியான படத்தில் பக்கம் சற்றுச் சாய்ந்துள்ளது.' சுட்டிக்காட்டியதற்குப் பதினைந்து பேர் நன்றி தெரிவித்தார்கள். சிவப்பு முத்திரையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. எங்கள் வீடுகளிலும் துழாவினால்... சரி, அதை விடுங்கள்.

இதைப் படித்ததும் உங்களுக்கு யார் முகமோ கண்முன் வந்து, அவருக்கே இதை அனுப்பிவைக்கக் கை துறுதுறுக்கும். தாராளமாக அனுப்புங்கள். அதற்கு முன் ஒரே ஒரு சந்தேகம்: இது உங்கள் கைக்கு எப்படி வந்தது? நீங்களாகத் தேடிப் படித்தீர்களா, அல்லது உடன் வேலை பார்க்கும் நாலு பேர், ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமல், உங்களுக்கு அனுப்பினார்களா?