பன்வில முன்சீட்டுப் பரணி

வாழிய யுகேஷ்! கண்டி மாநகரசபையின் தண்ணீர் பில் பகுதி எழுதுவினைஞனே, வாரநாளெல்லாம் பேனாவும் ஞாயிறுதோறும் ஒலிவாங்கியும் ஏந்தும் இருபடைக்கலத்தோனே, இடக்கையில் எலுமிச்சையும் வலக்கன்னத்தில் இஞ்சி டொபியும் ஒருங்கே தாங்கிய திண்தோளனே, வேனின் பின்சீட்டைக் கண்டமாத்திரத்தில் வயிறு கலங்கும் மென்குடலோனே, நீ வாழிய! யானையை அடக்கியவனையும் கடலைத் தாண்டியவனையும் பாட ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பன்விலயிலிருந்து கண்டி வரைக்கும் முன்சீட்டில் உட்கார்ந்து வர ஆசைப்பட்ட ஒருவனைப் பாடத்தான் நாதியில்லை. ஆகவே நாமே பாடுகிறோம். நாமகளே, நீயும் வந்து எம் நாவில் இரு. வளைவு அதிகம், கெட்டியாகப் பிடித்துக்கொள்.

ஊரூராய்ச் சென்று நின்றபடியே பேசிச் சிரிக்கவைக்கும் இத்தொழிலில் யுகேஷோடு களம் கண்டவர் இருவர். ஒருத்தி றலியா டீச்சர். அலவத்துகொடயில் கணக்குப் படிப்பிப்பவள், தான் சிரிக்காமல் பிறரைச் சிரிக்கவைப்பவள், எல்லாவற்றுக்கும் மேலாக வேனுக்குச் சொந்தக்காரி, அதை ஓட்டுபவளும் அவளே. மற்றவன் திவாகரன், வங்கி வேலைக்காக யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு வந்து சில மாதங்களே ஆன நெடியோன், ஏறிய மேடையெல்லாம் மௌனத்தையே பரிசாகப் பெற்ற பொறுமைக்கடல். திகனயில் அவன் பேசியபோது மண்டபத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டுமே கேட்டது. அந்த மின்விசிறியும் சற்று நேரத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

இனி வேனின் பெருமை கேளுங்கள். அதன் முன்சீட்டோ சாய்வும் காற்றும் காட்சியும் ஒருசேர வாய்த்த தேவலோகம்! பின்சீட்டோ, ஒலிபெருக்கிப் பெட்டிகள் முழங்காலை இடிக்க, திறக்க மறுக்கும் யன்னல் மூச்சை முட்ட, டீசல் வாடை மூக்கைத் துளைக்க, ஒவ்வொரு வளைவிலும் உயிர் தொண்டைவரை வந்து எட்டிப் பார்த்துப் போகும் கொடுநரகம்! இந்த ஓர் இருக்கைக்காக ஆடவர் இருவரும் வாரந்தோறும் முட்டிமோதுவதைப் பொறுக்கமாட்டாத றலியா டீச்சர் ஒருநாள் தன் அரசாணையை முழங்கினாள்.

"என்ட வேனுக்கு ஒரு சட்டம் ஈக்கிது. ஆருக்குச் சனம் கூடச் சிரிக்குதோ, அவருக்குத்தான் முன்சீட்டு. சண்ட புடிச்சா ரெண்டு பேருக்கும் பஸ்ஸுதான்!"

திகனயில் இரண்டு பேரைச் சிரிக்கவைத்த புகழால் பன்விலக்கு ஏறும்போது முன்சீட்டில் வீற்றிருந்தவன் நம் யுகேஷ். ஆனால் ஏற்றம் வேறு, இறக்கம் வேறு. இறங்கும்போது பின்சீட்டில் இருந்தால் தன் கதி என்ன என்பதை அவன் வயிறு நன்கறியும். இருந்தும் அவன் அஞ்சவில்லை. பன்வில அவன் பிறந்த மண். சிறுவயதிலேயே கண்டிக்குப் போய்விட்டாலும் சொந்தபந்தம் அங்கேதான். முன்வரிசையில் புஷ்பம் அத்தையை உட்காரவைத்து, "நான் என்ன சொன்னாலும் சிரிங்க அத்தை, கேள்வி கேக்காதீங்க" என்று காதில் ஓதிவிட்டே களமிறங்கினான்.

தேயிலைத் தோட்டத்து மண்டபம் நிறைந்திருந்தது. வேன்காரியாதலால் போட்டிக்குள் வராத றலியா டீச்சர் முதலில் பேசி மண்டபத்தைச் சூடாக்கிவிட்டு, ஓரமாய் நின்று சிரிப்புகளைக் கவனிக்கலானாள். அடுத்து எழுந்தான் யுகேஷ். வில்லை வளைத்தான், நாணேற்றினான், தன் தலைசிறந்த அம்பான தண்ணீர் பில் நகைச்சுவையை எய்தான். ஓடைத் தண்ணீர் பாவிக்கும் தோட்டத்துக்கு பில்லே வருவதில்லை என்பது அம்பு விட்ட பிறகுதான் வீரனுக்கு நினைவு வந்தது. புஷ்பம் அத்தை மட்டும் வாக்குத் தவறாமல், நிறுத்தவேண்டிய இடத்தில் நிறுத்தத் தெரியாமல், தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்து இன்னும் சிலர் சிரித்தார்கள். போதும், திவாகரனுக்கு இதுவே அதிகம் என்று தேறி இறங்கினான் யுகேஷ்.

அப்போது எழுந்தான் நெடியோன். தன் வீட்டார் கலியாணவீட்டுக்குப் புறப்பட்ட கதையை எடுத்தான்.

"எங்கட அம்மா விடியக்காலமையே தொடங்கீடுவா. 'தம்பி, வெளிக்கிடடா! கெதியா வெளிக்கிடடா!' நான் ஆறுதலாத்தான் வெளிக்கிடுவன்."

மண்டபம் ஒருகணம் திகைத்தது. யாழ்ப்பாணத்தாருக்கு வெளிக்கிடுதல் என்றால் உடுத்திப் புறப்படுவது. மலையகத் தோட்டங்களிலோ வெளிக்குப் போவதென்றால் அது எந்த வேலை என்று பாலர் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். பின்வரிசையில் ஒரு கிளுக்கென்ற ஒலி. அதைக் கேட்டு உச்சிகுளிர்ந்த திவாகரன், வாழ்நாளில் முதன்முறையாக, குரலை உயர்த்தினான்.

"அப்பா எல்லாருக்கும் முதலே வெளிக்கிட்டிட்டு கதிரையில இருப்பார்!"

அணை உடைந்தது. கைதட்டினார்கள், தொடையில் அடித்துக்கொண்டார்கள், குழந்தையை மடியிலிருந்து இறக்கிவைத்துவிட்டுச் சிரித்தார்கள்.

"அங்க போனா, மாப்பிளை இன்னும் வெளிக்கிடேல்லையாம்! ஐயர் பாத்துக்கொண்டு நிக்கிறார். கடைசியில மாப்பிளையும் தோழனும் ஒரே அறைக்குள்ள அவசர அவசரமா வெளிக்கிட்டவை!"

"ஐயோ சாமி, என்னால முடியலடி, தூக்கி விடுங்கடி!" என்று அலறியபடி கதிரையிலிருந்து சரிந்தவள் வேறு யாருமல்லள்; யுகேஷின் வலதுகரமும் கோட்டைக்கதவும் கடைசி நம்பிக்கையுமாகிய புஷ்பம் அத்தை. அந்தத் துரோகத்தைக் கண்ட யுகேஷின் நெஞ்சு எரிந்தது. 

சிரிப்பின் காரணம் மேடையில் நின்றவனுக்கும் தெரியாது, தீர்ப்புச் சொல்ல நின்ற, தோட்டத்துப் பேச்சுப் பழகாத டீச்சருக்கும் தெரியாது. மூவரில் அதை அறிந்தவன் யுகேஷ் ஒருவனே. ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தச் சிரிப்பெல்லாம் செல்லாக்காசு, முன்சீட்டு அவனுக்கு. வேனடியில் நின்ற டீச்சரை நோக்கி வீறுநடை போட்டான். வாயும் திறந்தான். ஆனால் பக்கத்தில் திவாகரன் கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு கண்கலங்க நின்றிருந்தான்.

"அம்மா, சனம் விழுந்து விழுந்து சிரிச்சது. ஓம் அம்மா, என்ர பகிடிக்குத்தான்! நீங்கள் என்னை வெளிக்கிடச் சொல்லுற கதைதான் அம்மா..."

திறந்த வாயை என்ன செய்வதென்று தெரியாமல் யுகேஷ் அதற்குள் இன்னோர் இஞ்சி டொபியைப் போட்டான். ஐயோ, பாவி, இவனைப் போய் எப்படி உடைப்பது என்று அவன் மனம் இளகிவிட்டது. "என்ன, ஏதும் செல்லணுமா?" என்று அவன் வாயைப் பார்த்துக் கேட்டாள் டீச்சர். "ஒன்னுமில்ல டீச்சர். அவனையே முன்னுக்கு ஏத்துங்க" என்று சொல்லிவிட்டு, தூக்குமேடை ஏறும் மன்னனின் கம்பீரத்தோடு பின்சீட்டில் ஏறிக் கதவை இழுத்துச் சாத்தினான்.

இறங்கியது வேன். வளைவுக்கு மேல் வளைவு வந்தது. ஒலிபெருக்கிகள் முழங்காலைப் பதம்பார்த்தன. எலுமிச்சையை மூக்கோடு அழுத்தி, பார்வையைத் தூரத்து மலைமுகட்டில் ஆணியடித்ததுபோல் நிறுத்தி, செய்த தியாகத்தின் பெருமிதத்தால் குடலைக் கட்டி ஆண்டான் யுகேஷ். என்ன அதிசயம்! அவன் வயிறு அடங்கியே இருந்தது.

ஆனால் வென்ற திவாகரனோ காற்றையும் பார்க்கவில்லை, காட்சியையும் பார்க்கவில்லை. ஏறிய நேரம் முதல் முழுவதும் பின்பக்கம் திரும்பி, இரு இருக்கைகளுக்கும் நடுவே தலையை நுழைத்து, தோற்றவனுக்குத் தொழில் கற்பித்துக்கொண்டே வந்தான். "மச்சான், உன்ர பகிடியில குறை என்னெண்டா, அது சனத்தின்ர வாழ்க்கையில இருந்து வரேல்லை. இந்த வெளிக்கிடுற விசயத்தை அடுத்தமுறை அரை மணித்தியாலத்துக்கு நீட்டப்போறன். நீயும் இப்பிடி ஒண்டு..." என்றவனின் திருவாய் ஒரு வளைவில் நின்றது, வெற்றித்திருமகள் குடியிருந்த அவன் வதனம் மெல்ல மெல்ல வாழைக்குருத்து நிறங்கொண்டது, மலைகள் அசைவற்றன, மேகங்கள் விலகின, தேவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு சற்றுத் தள்ளி நின்றார்கள்.

வத்தேகம வருவதற்கு முன்பே திவாகரன் யுகேஷின் மடியில் வாந்தி எடுத்துவிட்டான்.