போணி ஆகாத ஆதரவு

சந்தைக்கு வருகிறவர்களை வாங்குகிறவர், விற்கிறவர் என்று இரண்டே இனமாகப் பிரித்து வைத்திருக்கிறீர்கள் என்றால், மன்னிக்க வேண்டும், நீங்கள் சந்தையைச் சரியாகப் பார்க்கவில்லை. மூன்றாவதாக ஓர் இனம் இருக்கிறது. விற்கிறவர் கடை விரிக்கும் முன்பே அது வந்துவிடும். வாங்குகிறவர் வீட்டுக்குப் போய்ச் சமைத்துச் சாப்பிட்டுக் குட்டித்தூக்கமும் போட்டு எழுந்த பிறகும் அது அங்கேயே நின்றுகொண்டிருக்கும், ஒவ்வொரு கடையிலும் ஏதாவது ஒன்றை மென்றுகொண்டிருக்கும், மெல்லாத நேரத்தில் பேசிக்கொண்டிருக்கும். எதையும் வாங்காது. இதற்கு ஆதரவாளர் என்று பெயர்.

எல்லா ஊரிலும் உண்டுதான். ஆனால் அசல் உருப்படியைப் பார்க்க வேண்டுமென்றால் கோவில்பட்டிக்கு வாருங்கள். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, எட்டயபுரம் சாலையில் ஒரு கல்யாண மண்டபத்து முன்வாசலில் ‘கரிசல் சந்தை’ கூடும். சுற்றுப்பட்டு ஊர்களில் விளைகிற கம்பு, குதிரைவாலி, உளுந்து, பாசிப்பயறு, வெள்ளரிக்காய், மோர்மிளகாய் எல்லாம் இடையில் தரகர் இல்லாமல் நேரே வந்து இறங்கும். வாசலில் முதல் ஆளாக ஹரிகிருஷ்ணன் அண்ணாச்சி நிற்பார். கைத்தறிச் சட்டை, தோளில் துணிப்பை. பையில் ‘உள்ளூர் விளைச்சல் நம் உரிமை’ என்று அச்சடித்திருக்கும். இரண்டு வருஷமாக மாட்டுகிற பை, இஸ்திரி மடிப்புக்கூடக் கலையவில்லை. உள்ளே மூக்குக்கண்ணாடிக் கூடு மட்டும் இருக்கும்.

அவர் ஆதரிக்கும் முறை தனி. முதலில் சாக்கில் கைவிட்டு ஒரு பிடி தானியத்தை அள்ளுவார். உள்ளங்கையில் வைத்து ஊதுவார். நாலு மணியை வாயில் போட்டுக் கண்ணை மூடுவார். மூடிய கண் திறப்பதற்குள் பின்னால் ஒரு கூட்டமே சேர்ந்துவிடும், வாங்க வந்தவர்களும் இவர் என்ன சொல்லப் போகிறாரோ என்று வாங்காமல் காத்து நிற்பார்கள். அப்புறம் கேள்விகள். நாட்டு ரகமா? மருந்து அடிச்சதா? மானாவாரியா? இந்த வட்டாரத்தில் வந்து மானாவாரியா என்று கேட்பது, மீன்காரியிடம் இது தண்ணீரில் இருந்ததா என்று கேட்பது மாதிரி. வானத்தைத் தவிர இங்கே யார் தண்ணீர் விட்டார்கள்? கேட்டு முடித்தால் யோசனைகள். பாக்கெட் போடுங்கள், அதற்கு ஒரு பேர் வையுங்கள், சிங்கப்பூருக்கு அனுப்புங்கள். கடைசியில் விற்கிறவர் தோளில் கைபோட்டு ஒரு போட்டோ. அடுத்த கடை.

“வேல்சாமி, கம்பு எப்படி இருக்கு?” என்பார்.

இடைசெவல் வேல்சாமி ஆட்டுக்கிடையும் வைத்துக்கொண்டு விவசாயமும் பார்க்கிற மனிதர். வாயும் சும்மா இருக்காது. “உங்களுக்கென்ன, நல்லாருக்கு அண்ணாச்சி. போன மாசம் எங்கன வச்சிருந்தேனோ அங்கனயே இருக்கு.”

அண்ணாச்சி இதைக் கம்புக்குக் கிடைத்த பாராட்டாக எடுத்துக்கொண்டு தலையாட்டுவார்.

அவரைக் கஞ்சன் என்று நினைத்துவிடாதீர்கள், பாவம் வந்து சேரும். சந்தைக்கு மைக்செட் அவர் உபயம். கம்மங்கூழ் காய்ச்சுகிற அண்டா அவர் கடையிலிருந்து வந்தது, திருப்பிக் கேட்டதே இல்லை. பேனருக்கும் அவர்தான். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. மூன்று மணி நேரம் நின்று, ருசி பார்த்து, பேசி, போட்டோ எடுத்து, ‘விவசாயியிடம் நேரடியாக வாங்குவோம்’ என்று ஸ்டேட்டஸ் போட்டு, அதற்கு இதயம் இதயமாக வந்து விழுவதையும் பார்த்து முடித்ததும், ஏதோ மூட்டை மூட்டையாக வாங்கிவிட்ட நிறைவு அவருக்கு வந்துவிடுகிறது. இதற்குமேல் காசு கொடுத்து வேறு வாங்க வேண்டுமா என்ன? வீட்டுக்குப் போகிற வழியில், குளுகுளு சூப்பர் மார்க்கெட்டில் இறங்கி, பளபளக்கிற டப்பாவில் ஓட்ஸும் சிறுதானிய நூடுல்ஸும் எடுப்பார். அங்கே ஒரு கேள்வி கேட்க வேண்டுமே! மானாவாரியா என்று பில் போடுகிற பிள்ளையிடம் கேட்டுப் பார்க்க வேண்டியதுதானே? வாய் திறக்க மாட்டார். கார்டை நீட்டுவார்.

இதே அண்ணாச்சியைத் திங்கட்கிழமை காலை பஜாரில் பாருங்கள். மூன்று தலைமுறைப் பாத்திரக்கடை. சாம்பிராணி போட்டு, கல்லாவைத் தொட்டுக் கும்பிட்டு உட்கார்ந்திருப்பார். முதல் ஆளாக ஒருவர் வந்து, எவர்சில்வர் குடத்தைத் தட்டிப் பார்த்து, விலை கேட்டு, “பொறவு வாரேன்” என்று படியிறங்கினால் போச்சு. “போணி நேரத்துல வந்து விசாரிச்சுட்டுப் போறான் பாரு மூதி! இன்னைக்குப் பொழுது வெளங்குமா?” என்று கடைப்பையன்கள் எல்லாரையும் ஒரு பாட்டம் ஏசித் தீர்ப்பார். பிறகு கடைவாசலில் தண்ணீர் தெளித்து, கற்பூரம் கொளுத்திக் கழித்துப் போடுவார். முதல் விற்பனை கையோடு நடந்தால்தான் அன்றைய வியாபாரம் நடக்கும், முதலில் வந்தவன் வெறுங்கையோடு திரும்பினால் எல்லாமே திரும்பும். இந்தச் சாஸ்திரத்தில் அவரை மிஞ்ச பஜாரில் ஆள் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் எப்படி மறந்துபோகிறது? அது ஆதரவாயிற்றே!

இந்த மாசியில், சந்தைக்கு முந்தின நாள், கிருஷ்ணப்ரியா போன் பண்ணினாள். பல் டாக்டர். சந்தையை ஆரம்பித்து நடத்துகிறவள் அவள்தான்.

“அண்ணாச்சி, முப்பது கடை வந்த எடத்துல இப்ப எட்டுதான் நிக்குது. நாளைக்கும் சரக்கு திரும்பிப் போச்சுன்னா அடுத்த மாசம் சந்தை கெடையாது. அவியளும் வரமாட்டாவ, எனக்கும் கூப்பிட மூஞ்சி இல்ல. அதனால மொதல் விற்பனைய நீங்கதான் தொடங்கி வைக்கணும். வேல்சாமி அண்ணன் குடுத்த யோசனை.”

வேல்சாமிக்கு ஏன் இப்படி ஒரு யோசனை வந்தது என்று அண்ணாச்சி ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. மரியாதை என்று எடுத்துக்கொண்டார். அன்றைக்கு இரவே கண்ணாடி முன்னால் நின்று, விவசாயியை நாம் கைவிடலாமா என்று மூன்று விதமான குரலில் கேட்டுப் பார்த்தார்.

ஞாயிறு காலையில் முதல் கடையாக வெயிலம்மாள் உட்கார்ந்திருந்தாள். எப்போதும்வென்றான் ஊர்க்காரி. ஊரே மக்காச்சோளத்துக்கு மாறின பிறகும் பிடிவாதமாகக் குதிரைவாலி போடுகிறவள்.

“என்ன வெயிலம்மா, ஒரே மூட்டைதான் கொண்டாந்திருக்க?”

“இருக்கதே இம்புட்டுதான் அண்ணாச்சி. போன ரெண்டு மாசமும் இந்த மூட்ட பஸ்ல ஏறி எறங்கி ஊரெல்லாம் பாத்துட்டு வருது. எம் மவன் பெரியவன் ஏசுதான். இன்னைக்கும் வீட்டுக்குத் திரும்பிச்சுன்னா, வார புரட்டாசில நானும் மக்காச்சோளத்தப் போட்டுட்டுப் போயிருதேன். அவன்கூட யாரு மல்லுக்கட்ட?”

“அப்படியெல்லாம் மனசு விடக் கூடாது. நாங்க இருக்கோம்ல” என்றார் அண்ணாச்சி. சொல்லிக்கொண்டே சாக்கில் கையை விட்டு நாலு மணியை வாயில் போட்டார்.

மைக் கிடைத்தது. பேசினார். நன்றாகவே பேசினார், கைதட்டும் வாங்கினார். முன்னால் மடிப்புக் கலையாத துணிப்பைகளோடு அவர் இனத்தார் நாற்பது ஐம்பது பேர் தலையாட்டிக்கொண்டு நின்றார்கள். பிறகு முதல் விற்பனை. வெயிலம்மாள் கிழக்கே பார்த்து ஒரு கும்பிடு போட்டு, ஒரு கிலோ குதிரைவாலியை அளந்து பையில் கட்டி, இரண்டு கையாலும் நீட்டினாள். அண்ணாச்சியும் இரண்டு கையாலும் வாங்கினார், போட்டோக்காரரைப் பார்த்துச் சிரித்தார், இன்னொன்று என்று அவர் கேட்டதும் இன்னொரு தடவை சிரித்தார்.

சிரித்து முடித்ததும் பையைத் திருப்பி வெயிலம்மாளிடம் நீட்டினார்.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. எத்தனையோ மேடையில் போர்த்தின பொன்னாடையைக் கழற்றி, அடுத்தவருக்குப் போர்த்துங்கள் என்று அப்போதே கொடுத்த கை. பழக்கம்.

வெயிலம்மாள் வாங்கவில்லை. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“போட்டோதான் எடுத்தாச்சே, பிடிம்மா” என்றார் மெதுவாக. மைக் அவர் வாய்க்குப் பக்கத்திலேயே இருந்தது, அவர் உபயம் செய்த மைக், நல்ல மைக். சந்தை முழுக்கக் கேட்டது.

“அண்ணாச்சி, போணியவா திருப்பிக் குடுக்குதீங்க?”

அதுவும் கேட்டது.

“வாங்காமப் போங்க, அது உங்க இஷ்டம். வாங்கின போணியக் கையில திருப்பிக் குடுத்தா நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு இங்கன உக்காந்திருப்பேன்? பெரியவன் சொன்னதுதான் சரி. சோளத்தையே போட்டுத் தொலைக்கேன்.” அவள் குனிந்து சாக்கின் வாயைச் சுருட்டிக் கயிற்றைத் தேடினாள்.

“எக்கா, கொஞ்சம் பொறு” என்றார் பக்கத்துக் கடை வேல்சாமி. “நானும் கட்டிருதேன். சேந்தே பஸ் ஏறுவோம்.”

கிருஷ்ணப்ரியா கண்ணைத் துடைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள். அவளுடைய இரண்டு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள் அந்தச் சாக்கோடு சேர்ந்து கட்டப்பட்டுக்கொண்டிருந்தன.

போணி என்ற அந்த ஒரு சொல் அண்ணாச்சியைப் பிடரியில் அடித்தது. குடத்தைத் தட்டிப் பார்த்துவிட்டுப் படியிறங்கியவனை எல்லாம் என்ன பாடு ஏசியிருக்கிறார்! அந்த மூதி யார் என்று இப்போது தெரிந்தது. இரண்டு வருஷமாக ஒவ்வொரு கடையிலும் முதல் ஆளாகப் போய், முதல் கையாகச் சாக்கில் விட்டு, வெறுங்கையோடு நகர்ந்தவர் யார்? வெட்கம் என்றால் அப்படியொரு வெட்கம். காதெல்லாம் சூடாகிவிட்டது.

“வெயிலம்மா, கட்டாத. எவ்வளவு?”

அந்தச் சந்தையில் அவர் விலை கேட்ட முதல் தடவை அதுதான். விலையைச் சொன்னாள். பர்ஸைத் திறந்தால் விசிட்டிங் கார்டாக இருந்தது. “ஜிபே இருந்தா… இங்கன அதெல்லாம் இருக்கா?”

வெயிலம்மாள் தலைக்கு மேலே கையைக் காட்டினாள். ஸ்கேன் பண்ணுகிற அட்டை தொங்கிக்கொண்டிருந்தது.

“இது எப்ப மாட்டினது?”

“ரெண்டு வருசமாத் தொங்குது அண்ணாச்சி. நீங்க எடுத்த போட்டோ எல்லாத்துலயும் இருக்கும், பாருங்க.”

அண்ணாச்சி பணத்தை அனுப்பினார். வெயிலம்மாளின் மடிக்குப் பக்கத்திலிருந்த சின்னப் பெட்டி, பணம் வந்துவிட்டது என்று கணீரென்று சொன்னது. மைக் வழியாகச் சந்தைக்கே சொன்னது. யாரோ கைதட்டினார்கள்.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. முன்னால் நின்ற ஐம்பது ஆதரவாளர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஹரிகிருஷ்ணன் அண்ணாச்சியே காசு கொடுத்து வாங்குகிறார் என்றால் அதில் ஏதோ இருக்க வேண்டும் அல்லவா? நமக்குக் கிடைக்காமல் போய்விட்டால்? அவ்வளவுதான். முழங்கை இடிக்க வந்து விழுந்தார்கள். ஊதிப் பார்க்க ஒருவருக்கும் நேரமில்லை. வெயிலம்மாள் காலிச் சாக்கைத் தலைகீழாக உதறிக் காட்டி, “போதும் போதும், புரட்டாசிக்கு வெச்சிருக்க வெதையையும் கேப்பீங்க போல” என்றாள். மக்காச்சோளத்தைப் பற்றி அவள் பிறகு பேசவே இல்லை.

வீட்டில் மனைவி சத்தியபாமா பையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, “குருவிக்குப் போடவா?” என்று கேட்டாள். ஆக்கிப் போட்டாள். அண்ணாச்சி இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார், கண்ணை மூடாமல்.

இத்தோடு அவர் திருந்திவிட்டார், சுபம் என்று எழுதிவிடலாம். ஆனால் பங்குனிச் சந்தைக்குள் கால் வைத்ததுமே, “அண்ணாச்சி கைராசிக்காரர், எனக்குப் போணி பண்ணுங்க” என்று இந்தத் தடவை உளுந்தோடு வந்த வெயிலம்மாள் ஒரு பக்கம் கூப்பிட, வேல்சாமி ஒரு பக்கம் இழுக்க, புதிதாக வந்த கடைக்காரர்களும் ஆளுக்கொரு பையோடு எழுந்து நின்றார்கள். துணிப்பை நிரம்பி, ஒரு காது அறுந்து, மிச்சத்தை வேட்டி மடியில் கட்டிக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தார். சித்திரையில் உஷாராகிவிட்டார். போணியெல்லாம் முடிந்திருக்கும் என்று கணக்குப் பண்ணி, உச்சி வெயிலில் மெதுவாக எட்டிப் பார்த்தார். எல்லாரும் ஏறக்கட்டிக்கொண்டிருக்க, வேல்சாமி மட்டும் சாக்கு வாயைக்கூட அவிழ்க்காமல் உட்கார்ந்திருந்தார்.

“வாங்க அண்ணாச்சி. நாலு பேரு வந்து கேட்டான், குடுக்கலையே! உங்க கைக்குன்னு போணி பண்ணாம வச்சிருக்கேன்.”

என்ன சிரிப்பு? அண்ணாச்சியாவது மாட்டிக்கொண்டார். நீங்கள்? இந்தப் பக்கம் வரைக்கும் வந்துவிட்டீர்கள், சந்தோஷம். இந்தப் புத்தகத்தை எங்கே வைத்துப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள்? வீட்டில் என்றால் சரி. கடையில் நின்றபடியே, எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டி, நாலு கட்டுரை ருசி பார்த்துவிட்டு, நல்ல எழுத்து, இப்படிப்பட்ட புத்தகங்களை நாம் ஆதரிக்க வேண்டும் என்று அட்டையை மட்டும் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு அலமாரியில் திருப்பிச் செருகப் போகிறீர்கள் என்றால், ஒரே ஒரு நிமிஷம், கல்லாப் பக்கம் திரும்பிப் பாருங்கள். அங்கே ஒருவர் ரொம்ப நேரமாக உங்கள் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அவருக்கு இன்னும் போணி ஆகவில்லை.