மிஸ் வயலட் முடிக்காத பாட்டு

சோமனூரில் ரகசியம் பேச வேண்டுமானால் ஒரே வழிதான். சுவரைப் பார்த்து நின்றுகொண்டு பேச வேண்டும். தெருவுக்கு அந்தப் பக்கம் நின்று குசுகுசுத்தாலும் இந்தப் பக்கம் நிற்கிற தறிக்காரன் அட்சரம் பிசகாமல் சொல்லிவிடுவான். காது கூர்மை என்று நினைக்காதீர்கள். காது எங்களுக்குக் கிட்டத்தட்டக் கிடையாது. விசைத்தறிக் கூடத்தில் நாற்பது தறி ஒன்றாக அடிக்கும்போது பக்கத்தில் நிற்பவன் தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது. அதனால் உதட்டசைவைப் பார்த்தே பேச்சைத் தெரிந்துகொள்வோம்.

இந்த வித்தை பழகியவனுக்குச் சில கெட்ட பழக்கங்களும் ஒட்டிக்கொள்ளும். எதிரில் இருப்பவர் வாயையே கண் கொட்டாமல் பார்ப்பான். அந்த வாய் எப்படி அசைகிறதோ அப்படியே தன் வாயையும் சத்தமில்லாமல் அசைப்பான். தான் பேச வேண்டி வந்தால் மட்டும் ஊருக்கே கேட்கிற மாதிரி அலறுவான். (பெண் பார்க்கப் போன இடத்தில் இவை எல்லாவற்றையும் செய்து காட்டி, பெண் எழுந்து உள்ளே ஓடிய கதை எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒன்று உண்டு.) இவையெல்லாம் சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்னை என்ன ஆக்கின என்பதை வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

அப்போது எனக்கு இருபத்துநாலு வயது. அறுபதுகளின் பின்பாதி. வலது காது ஏற்கெனவே வேலைநிறுத்தம் செய்துவிட்டது. பல்லடத்து டாக்டர் இடது காதுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "இதும் ரெண்டு மூணு வருசந்தான். தறிய உட்டுருப்பா" என்றார். தறியை விட்டுவிட்டுக் கலெக்டர் உத்தியோகமா பார்ப்பது? வேறு யாராக இருந்தாலும் அம்மா குரல் கேட்காமல் போகுமே, முருகன் கோயில் மணி கேட்காமல் போகுமே என்று கலங்கியிருப்பார்கள். நான் கலங்கியது மிஸ் வயலட்டை நினைத்து.

மிஸ் வயலட் எங்கள் வீட்டுக்கு வந்தது காதர் பாய் மூலமாக. காதர் பாய் மில்களில் கழிவுப் பஞ்சு எடுத்து விற்கிற வியாபாரி. ஏதோ ஒரு மில் பங்களாவில் பழைய சாமான்களைக் கழித்துக் கட்டியபோது, சாவி கொடுத்து ஓட்டுகிற கிராமபோன் ஒன்றும் ஒரே ஒரு ரெக்கார்டும் அவர் தலையில் விழுந்தன. "இதுக்குப் பேரு ஜாஸ்ங்கறாங்க தம்பி. ஒருத்தனும் வாங்க மாட்டீங்கறான். நீயே வெச்சுக்க" என்று கொடுத்துவிட்டுப் போனார். ரெக்கார்டின் உறையில் ஒரு பெண் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். மிஸ் வயலட்.

அவள் பாடியது இங்கிலீஷ். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் ஷிப்ட், மோட்டார், கரண்ட் கட், அவ்வளவுதான். ஆனாலும் இடது காதைக் கிராமபோன் குழாய்க்குள் விட்டுக்கொண்டு கேட்டேன். உடம்பு சிலிர்த்துவிட்டது. அழுகையும் இல்லை, பாட்டும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று. அம்மா கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "ஏண்டா சாமி, இந்தப் புள்ளைக்கு ஊட்டுல என்ன கஷ்டமாமா?" என்று கேட்டாள்.

ரெக்கார்டில் ஒரு குறை. பாட்டு முடிகிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு விரிசல். ஊசி அங்கே வந்ததும் தாவி, பின்னால் போய், பாடிய வரியையே மறுபடி பாடும். மறுபடி. மறுபடி. நாமாகப் போய் ஊசியைத் தூக்கும்வரை அவள் அந்த ஐந்தாறு சொற்களுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருப்பாள். "சொன்னதையே சொல்றாளே, பித்து கித்துப் புடிச்சுருச்சா? பூண்டிக் கோயலுக்குக் கூட்டிட்டுப் போனாச் செரியாயிரும்" என்பது அம்மாவின் வைத்தியம். எனக்கோ மூன்று வருடமாக ஒரே ஏக்கம். அந்த வரிக்கு அப்புறம் என்ன? பாட்டு எப்படித்தான் முடிகிறது? இடது காது மூடுவதற்குள் அதைக் கேட்டுவிட வேண்டும். வேறு எந்த ஆசையும் எனக்கு அப்போது இருந்ததாக நினைவில்லை.

ஒரு சித்திரை மாதம் காதர் பாய் மூச்சிரைக்க ஓடி வந்தார். "தம்பி, உன்ற வயலட்டு வருது! ஊட்டில சீசனுக்குப் பாட வந்துருக்குதாமா. எறங்கிப் போற வழீல, ஞாயித்துக்கெழம மத்தியானம், நான் கழிவு எடுக்கற மில்லுல சின்ன மொதலாளி கச்சேரி வெச்சிருக்காரு."

"நானும் வாறனுங்க!" என்று அலறினேன். நாலு வீடு தள்ளி மாடு மிரண்டது.

"அழைப்பு இருக்கறவிங்களுக்கு மட்டுந்தான். ஆனா நான் அன்னிக்குக் கழிவு ஏத்தப் போறேன். வண்டீல சாக்குக்கு அடீல படுத்துக்க. உள்ள கொண்டு போயி உட்டர்றேன்."

ஞாயிற்றுக்கிழமை தலையில் தேங்காயெண்ணெயை வழிய வழியத் தேய்த்தேன். முகத்துக்குப் பவுடர் பூசினேன். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. பிறகு போய், கழிவுப் பஞ்சு அள்ளிய காலிச் சாக்குகளுக்கு அடியில் படுத்துக்கொண்டேன். சித்திரை வெயில், எண்ணெய், வேர்வை, சாக்கிலிருந்து உதிர்கிற பஞ்சு. மில்லுக்குள் இறங்கியபோது உடம்பை இரண்டு தட்டுத் தட்டிக்கொண்டேன். கண்ணாடி பார்க்க வாய்ப்பில்லை. மாப்பிள்ளை மாதிரி இருக்கிறேன் என்றுதான் நினைத்தேன்.

வாசலில் பந்தல் போட்டு நாற்காலி எல்லாம் அடுக்கியிருந்தார்கள். காதர் பாய் என்னை அங்கே விடவில்லை. பக்கத்திலிருந்த பழைய பஞ்சு கோடவுனுக்குள் தள்ளினார். "கச்சேரி ஆரம்பிக்கட்டும், நான் வந்து கூப்படறேன். அதுவரைக்கும் பொதிக்குப் பின்னால நில்லு" என்றார். போகிறவர் சும்மா போயிருக்கலாம். வாசலில் திரும்பி, "பயந்துக்காத" என்றார்.

"எதுக்குங்க பயப்படோணும்?"

"இல்ல, முன்ன ஒரு ஆளு இங்க பொதி சரிஞ்சு அடீல மாட்டிக்கிட்டான். கத்திருக்கான். பஞ்சுக்குள்ள கத்துனா யாருக்குக் கேக்கும்? மூணு நாள் கழிச்சுத்தான் எடுத்தாங்க. இப்பவும் நிக்கறானாமா. வெள்ளையா இருப்பானாமா. கண்ணச் சிமிட்ட மாட்டானாமா. வாய் மட்டும் அசையுமாமா, சத்தம் வராதாமா." சொல்லிவிட்டுக் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டுப் போய்விட்டார்.

பஞ்சு கோடவுனுக்குள் நின்றவர்களுக்குத் தெரியும். கூரை வரைக்கும் பொதி அடுக்கியிருந்தால் சத்தமே செத்துப்போகும். கை தட்டினால் தட்டிய மாதிரியே இருக்காது. தறிச் சத்தத்திலேயே வளர்ந்தவன் நான். அந்த மாதிரி ஒரு அமைதியை நான் அதுவரை கேட்டதில்லை. 'முருகா' என்று சொல்லிப் பார்த்தேன். உதடு அசைந்தது, குரல் எங்கே போனதென்று தெரியவில்லை. பஞ்சுக்குள் கத்தியவனுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று தோன்றியதும் இரண்டு பொதிகளுக்கு நடுவில் ஒடுங்கிக்கொண்டேன்.

எவ்வளவு நேரம் நின்றேனோ. திடீரென்று வெளிச்சம் மங்கியது. கோடை மழை. மழை என்றால் ஆலங்கட்டி மழை. பந்தல் கிழிந்து விழுந்திருக்கிறது. கதவைத் திறந்துகொண்டு சின்ன முதலாளி, விருந்தாளிகள், நாற்காலிகள், மேளதாளம் எல்லாம் நான் இருந்த கோடவுனுக்குள்ளேயே வந்துவிட்டன. அந்த நேரம் பார்த்துக் கரண்டும் போனது. பஞ்சு கோடவுனில் பீடி பற்றவைத்தாலே சீட்டுக் கிழிந்துவிடும், பெட்ரோமாக்ஸ் எங்கே ஏற்றுவது? மைக்கும் இல்லை, விளக்கும் இல்லை. உயரத்தில் இருந்த சன்னல்கள் வழியாகப் பாசி நிறத்தில் ஒரு வெளிச்சம் மட்டும் இறங்கியது. அந்த வெளிச்சத்தில் விருந்தாளிகள் எனக்கு முதுகு காட்டி வரிசையாக உட்கார்ந்தார்கள். கடைசி வரிசைக்குப் பின்னால், பொதிகளுக்கு நடுவில், நான்.

மிஸ் வயலட் வந்து நின்றாள். உறையில் இருந்தவளைவிடப் பத்து வயது கூடுதல். மஞ்சள் கவுன், நனைந்த செருப்பு. ஒருவர் ஆளுயர வயலினை நிறுத்தி வைத்து விரலால் சுண்டினார். இன்னொருவர் டிரம்மைத் துடைப்பம் மாதிரி ஒன்றால் தடவினார். அவள் கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தாள்.

எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை.

பாதிக் குரலைப் பஞ்சு தின்றது, மீதியை என் காது தின்றது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பிறகுதான் கை வந்த வித்தை நினைவுக்கு வந்தது. உதட்டைப் பார்த்தேன். அவள் உதடு அசைந்த விதத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. இது என் பாட்டு. என் ரெக்கார்டு. மூன்று வருடம் கேட்ட அந்தக் குரல் என் தலைக்குள்ளேயே பாட ஆரம்பித்தது. கேட்கிறேனா, பார்க்கிறேனா, நினைத்துக்கொள்கிறேனா, ஒன்றும் புரியவில்லை. பொதிகளை விட்டு ஒவ்வோர் அடியாக வெளியே வந்தேன். கண் கொட்டவில்லை. என் வாயும் அவள் வாயோடு சேர்ந்து அசைந்தது.

அந்த வரி வந்தது. விரிசல் விழுந்த வரி. இதோ, இதற்கு அடுத்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மிஸ் வயலட் கண்ணைத் திறந்தாள்.

திறந்தவள், பாடிய வரியையே மறுபடி பாடினாள்.

என் உடம்பில் இருந்த முடியெல்லாம் எழுந்து நின்றது. மறுபடி அதே வரி. மறுபடி. முகத்தில் ரத்தமே இல்லை, கண் நிலைகுத்திவிட்டது, வாய் மட்டும் அந்த ஐந்தாறு சொல்லுக்குள் சுற்றுகிறது. வீட்டில் என்றால் எழுந்து போய் ஊசியைத் தூக்கிவிடுவேன். இங்கே எதைத் தூக்குவது? ரெக்கார்டில் இருந்த கோளாறு அவளுக்குள்ளேயே இருக்கிறதா, அல்லது நான் கேட்டுக் கேட்டு அவளுக்கு ஒட்டவைத்துவிட்டேனா என்றுகூட நினைத்தேன்.

அப்போது அவள் டிரம்காரர் பக்கம் லேசாகத் திரும்பி, உதட்டை மட்டும் அசைத்தாள். இங்கிலீஷ் இல்லை, சுத்தமான தமிழ். நான் படித்தேன்: "கடைசீல பாரு. வெள்ளையா ஒண்ணு நிக்குது. கண்ணே சிமிட்டல. நான் பாடறத அதுவும் பாடுது. சத்தம் வரல."

காதர் பாய் சொன்ன அதே அடையாளம்! மெதுவாகத் திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் பொதிகள் மட்டும்தான். இடது பக்கம் பார்த்தேன். வலது பக்கம் பார்த்தேன். ஒன்றும் இல்லை. அவளுக்குத் தெரிவது எனக்குத் தெரியவில்லை என்றால் ஒரே அர்த்தம்தான், அது என் முதுகோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. நான் திரும்பினால் அதுவும் திரும்புகிறது. (இருபத்துநாலு வயதில் என் புத்தி இவ்வளவு கூர்மையாக இருந்தது.) பிடரியில் யாரோ ஊதுகிற மாதிரி சில்லிட்டது.

"ஏனுங்க! பேயிங்க! என்ற பின்னால நிக்குதுங்க!" என்று தறிக்கூடத்துக் குரலில் அலறிக்கொண்டு, நாற்காலிகளுக்கு நடுவே மிஸ் வயலட்டைப் பார்த்து ஓடினேன். விருந்தாளிகள் திரும்பினார்கள். எல்லார் முகமும் என்னைப் பார்த்துக் கோணியது. அது என் தோளில் ஏறி உட்கார்ந்திருப்பதைத்தான் பார்க்கிறார்கள் என்று நினைத்து இன்னும் வேகமாக ஓடினேன். ஆளுயர வயலின் குப்புற விழுந்தது. கனத்த சரீரமுள்ள ஓர் அம்மாள் ஒரே தாவில் பஞ்சுப் பொதி மேல் ஏறினார். சின்ன முதலாளி ஆலங்கட்டியைப் பொருட்படுத்தாமல் வெளியே பாய்ந்தார். மிஸ் வயலட் அப்படியே மயங்கிச் சரிந்தாள். என் ஆயுளில் எந்தப் பெண்ணையும் அவ்வளவு வேகமாக நான் கவர்ந்ததில்லை.

வாட்ச்மேன் வீரர். சுவரில் மாட்டியிருந்த தீயணைப்பு வாளிகளை எடுத்தார். முதலில் மணல் வாளியை என் மேல் கொட்டினார், பிறகு தண்ணீர் வாளியை. அதற்கும் நான் மறையாததால் வாளியாலேயே அடிக்க ஓங்கினார். காதர் பாய் எங்கிருந்தோ ஓடி வந்து, "அடிக்காதீங்க, அடிக்காதீங்க! பேயில்லீங்க, சோமனூர்க்காரன்!" என்று குறுக்கே விழுந்தார். தண்ணீர் பட்டதில் புருவத்திலும் இமையிலும் தலையிலும் அப்பியிருந்த பஞ்சு கூழாகி வழிந்தது. அப்போதுதான் கையைப் பார்த்தேன். தோளிலிருந்து விரல் நுனிவரை வெள்ளை. எது என் முதுகோடு ஒட்டிக்கொண்டு நின்றது என்று அப்போது புரிந்தது.

வாட்ச்மேன் ஷெட்டில் மிஸ் வயலட் சோடா குடித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். பாதி அழுதுகொண்டு, முழுக்கக் கத்திக்கொண்டு, ரெக்கார்டு, விரிசல், டாக்டர், காது என்று எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் முதலில் முறைத்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள், சோடா மூக்கில் ஏறும் வரைக்கும் சிரித்தாள். "நான் போத்தனூர்தாம்ப்பா. ரயில்வே காலனி" என்றாள். மூன்று வருடமாக லண்டன் என்று நினைத்திருந்தேன். பஸ்ஸேறினால் போய்விடுகிற தூரம்.

"முடிவுதான வேணும்? இங்க கிட்ட வா. எந்தக் காது?"

இடது காதைக் காட்டினேன். அவள் குனிந்து, வாயைக் காதுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து பாட ஆரம்பித்தாள். அந்த நிமிஷம் ஷெட்டின் தகரக் கூரை மேல் ஆலங்கட்டி மறுபடியும் கொட்டியது. நூறு தறி ஒன்றாக ஓடுகிற சத்தம். ஒரு சொல் கேட்கவில்லை. உதட்டைப் பார்க்கலாம் என்றால் உதடு காதருகே இருக்கிறது. காதில் சூடாக மூச்சு பட்டது, அது நீண்டது, பிறகு நின்றது. அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த முடிவு.

அவள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். "கேட்டுச்சா?" என்று உதடு அசைந்தது.

அந்த முகத்தைப் பார்த்து எப்படி இல்லையென்பது? "கேட்டுச்சுங்க" என்றேன். வாழ்க்கையில் நான் மெதுவாகப் பேசிய ஒரே வாக்கியம் அதுதான் என்று காதர் பாய் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

அம்மா மறுநாளே என்னைப் பூண்டிக்குக் கூட்டிப்போனாள். இடது காது டாக்டர் சொன்ன கெடுவுக்குள் போய்ச் சேர்ந்தது. கல்யாணமானதும் காதர் பாய் என் மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து நான் வாயைத் திறந்தபடி யோசனையில் நின்றால், "கோடவுன் பேய் வந்துருச்சு, மணல எடுங்க" என்பாள். குழந்தைகளும் அதையே பிடித்துக்கொண்டார்கள்.

என் மகளுக்கு மாப்பிள்ளை நிச்சயமான புதிதில், அந்தப் பையன் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தான். அதே மில்லில் வேலை. பேச்சுவாக்கில், "எங்க மில்லு கோடவுன்ல ஒரு பேய் இருக்குதுங்க. மத்தியானத்துலயே ஒருத்தரும் தனியாப் போக மாட்டாங்க" என்றான். சுற்றியிருந்தவர்கள் சேலைத் தலைப்பாலும் துண்டாலும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் மட்டும் கண் கொட்டாமல் அவன் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அது என்ன பண்ணுமுங்க மாப்ள?" என்று கேட்டேன்.

"இங்கிலீஷ் பாட்டுப் பாடுமாமுங்க மாமா."

"பாட்ட முடிக்குமா?"

"இல்லீங்க. ஒரே வரியத்தான் திரும்பத் திரும்பப் பாடுமாமுங்க. அதுக்கு மேல அதுக்குத் தெரியாதாட்ட இருக்குதுங்க."