கொட்டு அக்காவும் அப்பாவின் பிஸ்கட் டின்னும்

பிரிக்பீல்ட்ஸில் கொட்டு அக்காவிடம் ஒரு தலைவலி மாத்திரை வாங்குவதைவிடப் புதிய பாஸ்போர்ட் எடுப்பது சுலபம். பாஸ்போர்ட் ஆபீசில் கேள்வி குறைவு.

அக்கா அங்கே மருந்துக்கடை நடத்துகிறார். படித்துப் பட்டம் வாங்கிய மருந்தாளர். சொந்தப் பெயர் வெள்ளைக் கோட்டில் குத்தியிருக்கிறது, யாரும் படித்ததில்லை. எந்த மருந்து கேட்டாலும் கவுண்டரைத் துடைத்துவிட்டு, "முதல்ல கொட்டுங்க" என்பார். வீட்டில் சாப்பிடும் அத்தனை மாத்திரைகளையும் கொண்டுவந்து அவர் முன்னால் கொட்ட வேண்டும். இல்லையென்றால் போய் எடுத்து வர வேண்டும்.

இருமல் மருந்துக்கு வந்த வக்கீல் ஒருவர், "நான் பெட்டாலிங் ஜெயாவுல இருந்து வர்றேன், தெரியுமா?" என்று எகிறினார்.

"எல்.ஆர்.டி. ரயில் ஓடுதுல்ல சார்," என்றார் அக்கா.

ஓர் ஆன்டி கொட்டியபோது, நெடுநாளாகக் காணாமல் போயிருந்த மூக்குத்தி உருண்டு வந்தது. திருடியதாகத் தான் சந்தேகப்பட்ட மருமகளுக்குக் கடையிலிருந்தே போன் போட்டு மன்னிப்புக் கேட்டார்.

நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், கிள்ளானில் அப்பாவுக்குத் தலைசுற்றும் வரை. காலையில் எழுந்தாலே தள்ளாடினார். ஒருநாள் வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு சரிந்துவிட்டார். பயந்துபோய் நானும் தங்கையும் கார்ச் சாவியை ஒளித்துவைத்தோம். காரையே விற்றுவிடலாம் என்றும் முடிவு செய்தோம். காலமெல்லாம் லோரி ஓட்டிய மனிதர். கேரி தீவுக்குப் போய் நண்டு வாங்கி வருவதுதான் அவருக்கு மிச்சமிருந்த ராஜ்யம். எங்களோடு பேச்சையே நிறுத்திவிட்டார்.

மருந்துகள் இருந்த பிஸ்கட் டின்னோடு அவரை அக்காவிடம் இழுத்துப் போனேன்.

"கடைத்தெருவுல என் மானத்தைக் கொட்டணுமா?" என்றார் அப்பா.

"மானம் வேணாம் அங்கிள், மாத்திரை போதும்."

டின் கவிழ்ந்தது. ஒரு ஸ்குரூ, பழைய லோரிச் சாவி, அப்பாவின் பல்செட், அதற்குப் பிறகு மாத்திரைகள்.

"இந்த வெள்ளை எங்க வாங்கினது?"

"கவர்மெண்ட் கிளினிக்."

"இந்த ரோஸ்?"

"பிரைவேட் கிளினிக். அந்த டாக்டர் நல்லாப் பேசுவாரு."

"அவருகிட்ட வெள்ளை மாத்திரையைச் சொன்னீங்களா?"

"எப்படிம்மா சொல்றது? இன்னொருத்தர்கிட்டயும் மருந்து வாங்கறேன்னா அவரு மனசு கஷ்டப்படும்லா!"

"சரி, இது?"

"பக்கத்து வீட்டு மணியம் கொடுத்தான். அவனுக்கு நல்லாக் கேட்டுச்சாம்."

"தீபாவளி முறுக்கா அங்கிள், தட்டுல வச்சு மாத்திக்கிறதுக்கு?"

அப்பாவின் ரத்த அழுத்தத்தை அளந்ததும் அக்காவின் சிரிப்பு நின்றது. வெள்ளையும் ரோஸும் ஒரே ரத்த அழுத்த மருந்து. பெயரும் நிறமும்தான் வேறு. மணியம் மாமா கொடுத்ததும் அழுத்தத்தைக் குறைக்கும் மாத்திரையே. பிறகு தலை சுற்றாமல் என்ன செய்யும்? அங்கிருந்தே அந்தப் பிரைவேட் டாக்டருக்குப் போன் செய்து விவரம் சொல்லி, உடனே எங்களை அவரிடம் அனுப்பினார். டாக்டர் மனம் கஷ்டப்படவில்லை, வேண்டாததை நிறுத்தினார். சில வாரங்களில் தலைசுற்றல் போனது. டாக்டர் சரி என்றதும் கார்ச் சாவியும் திரும்பி வந்தது. எங்கள் வீட்டில் மறுபடி நண்டுக் குழம்பு கொதித்தது.

சென்ற மாதம் அக்கா லீவில் போனார். அப்பா டின்னோடு கடைக்குப் போனார். மாற்றாக வந்திருந்தவர் சீட்டைப் பார்த்து மருந்தைக் கொடுத்து, சிரித்து வழியனுப்பினார். அப்பாவின் முகம் வாடிவிட்டது.

"கொட்டச் சொல்லவே இல்லடா. நம்ம மேல என்ன கோபம்?"

அக்கா திரும்பிய அன்று அப்பாதான் முதல் ஆள். யாரும் சொல்லாமலேயே டின்னைக் கவிழ்த்தார். அக்கா மாத்திரைகளைப் பிரித்துப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"பல்லு எங்க அங்கிள்?"

அப்பா வாய் நிறையச் சிரித்துக் காட்டினார். அவர் பல்செட்டைப் போட்டுக்கொண்டிருந்ததை, காலையிலிருந்து கூடவே இருந்த நான்கூடக் கவனிக்கவில்லை.